உலோகக் கண்ணாடியை மீயொலியால் ஆராய்வது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்பு தேடும் நேரத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வெல்டிங்கை மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால்) சோதிக்கும் யூ.டி. டெக்னீஷியன்கள் கேட்டவையும், பெற்றோர் கேட்டவையும் இடையிடையே உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆய்வில் உயிர்நாடி குறுக்கலைதான், அதாவது அணுக்களைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் அலை. அதை அளப்பது சிரமம் என்று, முன்னும் பின்னும் அசைக்கும் நெட்டலையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். அப்படி நிறுத்தினால் கண்ணாடியைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியவராது.

உலோகக் கண்ணாடி என்றால் என்ன? அதன் வழியாகப் பார்க்க முடியுமா?

முடியாது. கையில் எடுத்தால் பளபளவென்று இருக்கும் உலோகத் துண்டு, அவ்வளவுதான். கண்ணாடித்தன்மை உள்ளே, அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. உருகிய உலோகம் உறையும்போது அணுக்கள் வரிசை பிடித்துப் படிகமாகிவிடும். வரிசை பிடிக்க அவகாசமே தராமல் குளிரவைத்தால், திரவத்தில் இருந்த தாறுமாறான நிலையிலேயே இறுகிப்போகும்.

1960இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் போல் டூவே குழுவினர் தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகலை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் குளிரவைத்து இதை முதலில் செய்துகாட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மெல்லிய செதில்தான். நல்ல கனமான துண்டு சாதாரணக் குளிர்விப்பிலேயே பரவலாகக் கிடைக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் அகிஹிசா இனோவே குழுவும், கால்டெக்கில் பேக்கர், ஜான்சன் இருவரும் பல தனிமங்களைக் கலந்து அதைச் சாதித்தார்கள். பேக்கரும் ஜான்சனும் 1993இல் வெளியிட்ட சிர்க்கோனியம், டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் கலவைக்கு வைட்ரலாய் 1 என்று பெயர். கீழே நான் தரும் கணக்குகள் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

நம்ம ஊரில் இதை எங்கேயாவது பார்க்க முடியுமா?

நிச்சயமாக. 'அமார்ஃபஸ் கோர்' என்று குறிப்பிட்டிருக்கும் மின்மாற்றிக்குள் இருப்பது இரும்பு, போரான், சிலிக்கான் கலந்த உலோகக் கண்ணாடி ரிப்பன். தடிமன் சுமார் 0.025 மி.மீ. வழக்கமான சிலிக்கான் எஃகு கோரைவிட இதில் சும்மா இருக்கும்போது வீணாகும் மின்சாரம் மிகவும் குறைவு.

இன்னொன்று பெரிய கடைகளில் பொருள் திருடுபோகாமல் இருக்க மாட்டும் பிளாஸ்டிக் டேக். அவற்றில் ஒரு வகைக்குள் ஏறக்குறைய 38 மி.மீ. நீள உலோகக் கண்ணாடிப் பட்டை இருக்கிறது. வாசலில் உள்ள கம்பம் 58,000 ஹெர்ட்ஸில் காந்தத் துடிப்பு அனுப்பும். பட்டை அதே அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கும். துடிப்பு நின்ற பிறகும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த மிச்ச அதிர்வைத்தான் கம்பம் கண்டுபிடிக்கிறது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, ஆகவே இதுவே மீயொலி. பட்டை தன் நீளத்தில் அரை அலை அதிர்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வேகம் விநாடிக்குச் சுமார் 4,400 மீட்டர் வரும். அதை வர்க்கப்படுத்தி அடர்த்தியால் பெருக்கினால் யங் குணகம், அதாவது இழுத்து நீட்டுவதற்கான எதிர்ப்பு, ஏறக்குறைய 150 கிகா பாஸ்கல். கடை வாசலில் நடப்பது முழுமையான ஒரு மீயொலி அளவீடு என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மீயொலியால் அணு அமைப்பைப் 'பார்க்க' முடியுமா?

முடியாது, இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 10 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் வைட்ரலாயில் அரை மில்லிமீட்டர். அணுக்களுக்கு இடையே இருப்பது சுமார் 0.3 நானோமீட்டர். ஒரே அலைநீளத்துக்குள் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் வரிசையாக அடங்கிவிடும். தனி அணு எங்கே இருக்கிறது என்று இந்த அலைக்குத் தெரிய வழியில்லை.

ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன, அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கும், பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு எதிர்க்கும் என்பதை அலையின் வேகம் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த எதிர்ப்பிலிருந்து அமைப்பைப் பற்றி ஊகிக்கிறோம். ஆய்வறிக்கைத் தலைப்பில் 'அமைப்பு' என்று போடுகிறவர்கள் இந்த 'ஊகிக்கிறோம்' என்ற சொல்லை முன்னுரையிலாவது எழுதிவிட வேண்டும்.

எக்ஸ்.ஆர்.டி. எடுத்தாலே போதாதா?

எக்ஸ்.ஆர்.டி., அதாவது எக்ஸ் கதிர் துண்டில் பட்டுச் சிதறும் விதத்தைப் பதிவு செய்யும் சோதனை, கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். கூரான முகடுகள் இல்லாமல் அகன்ற ஒரு மேடு மட்டும் வந்தால், கணிசமான படிகம் இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் அது தயங்கும். ஒரே கலவையை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் குளிரவைத்து எடுத்த இரண்டு துண்டுகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் படுவது கஷ்டம். அதே இரண்டு துண்டுகளில் குறுக்கலை வேகத்தை அளந்தால் வித்தியாசம் எண்ணாகவே வந்து நிற்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை, இரண்டும் வேண்டும்.

நெட்டலை, குறுக்கலை என்று இரண்டு எதற்கு? ஒன்று போதாதா?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது.

நெட்டலையில் அணுக்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும். குறுக்கலையில் அலை போகும் திசைக்குக் குறுக்கே அசையும். குறுக்கலை வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் கிடைப்பது விறைப்புக் குணகம், அதாவது வடிவம் மாறுவதற்கான எதிர்ப்பு. நெட்டலை வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, அதிலிருந்து விறைப்புக் குணகத்தின் மூன்றில் நான்கு மடங்கைக் கழித்தால் பருமக் குணகம், அதாவது கனஅளவு சுருங்குவதற்கான எதிர்ப்பு.

வைட்ரலாய் 1க்குப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.1 கிராம், நெட்டலை வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 5,170 மீட்டர், குறுக்கலை 2,470 மீட்டர். விறைப்புக் குணகம் சுமார் 37 கிகா பாஸ்கல், பருமக் குணகம் சுமார் 113.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு உலோகக் கண்ணாடியைப் படிகமாக்கிவிட்டு மறுபடி அளந்தால் அடர்த்தி ஒரு சதவீதம் போலத்தான் கூடும். பருமக் குணகமும் கொஞ்சம்தான் மாறும். விறைப்புக் குணகத்தில்தான் பெரிய மாற்றம்: கண்ணாடி நிலையில் அது படிக நிலையைவிட இருபது முதல் முப்பது சதவீதம் வரை குறைவாக இருக்கும். 1972இல் கோல்டிங், பேக்லி, சூ மூவரும் பல்லேடியம் சார்ந்த உலோகக் கண்ணாடியில் ஒலிவேகத்தை அளந்து, குறுக்கலைதான் தளர்ந்துபோகிறது என்று காட்டினார்கள்.

ஏன் இப்படி? காலை எட்டரை மணிக்கு காட்பாடி போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நெருக்கி நிற்க இடமே கிடையாது, 'உள்ள போ, உள்ள போ' என்று கண்டக்டர் எவ்வளவு கத்தினாலும் அமுங்காது. ஆனால் ஒருவர் இறங்க வேண்டும் என்று பக்கவாட்டில் நகர்ந்தால், ஒருவர் தோளைத் திருப்பி, இன்னொருவர் காலை மாற்றி வைத்து, எப்படியோ வழி கிடைத்துவிடும். உலோகக் கண்ணாடியில் அணுக்கள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன, அதனால் பருமக் குணகம் அதிகம் குறைவதில்லை. ஆனால் ஒவ்வோர் அணுவுக்கும் சுற்றுப்புறம் வேறு வேறு. பக்கவாட்டு விசை வரும்போது எல்லா அணுக்களும் ஒரே மாதிரி நகர்வதில்லை. தளர்வான இடத்தில் இருப்பவை கூடுதலாக நகர்ந்து விசையைத் தணித்துவிடும். படிகத்தில் அந்தச் சலுகை கிடையாது. வரிசை குலைந்திருப்பதன் நேரடி அடையாளம் இந்தக் குறைந்த விறைப்புக் குணகம்தான். குறுக்கலையை விடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அளவீட்டை உண்மையில் எப்படிச் செய்வது?

5 மி.மீ. தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும்போது சூடேறக்கூடாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவான வைர பிளேடில் அறுக்க வேண்டும். எதிரெதிர் முகங்கள் இரண்டும் தட்டையாகவும் இணையாகவும் இருக்கும்வரை தேய்க்க வேண்டும். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். இணை தவறினால் எதிரொலிகள் சீக்கிரம் மங்கி, உருவமும் சிதைந்துபோகும்.

மீயொலியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் புரோபை ஒரு முகத்தில் ஒட்டி ஒரு துடிப்பு அனுப்பினால், அது எதிர்முகத்தில் மோதித் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பும். ஆசிலோஸ்கோப்பில் எக்கோக்கள் வரிசையாகத் தெரியும். முதல் எக்கோவை நம்பாமல், அடுத்தடுத்த இரண்டு எக்கோக்களுக்கு இடையே உள்ள நேரத்தை எடுங்கள். புரோபிலும் ஒட்டுப் பொருளிலும் ஆகும் தாமதம் இரண்டுக்கும் பொது என்பதால் பெரும்பாலும் கழிந்துவிடும். 5 மி.மீ. வைட்ரலாயில் நெட்டலைக்கு இந்த இடைவெளி சுமார் 1.93 மைக்ரோ விநாடி, குறுக்கலைக்குச் சுமார் 4.05.

நெட்டலைக்கு கப்ளன்ட்டாக, அதாவது புரோபுக்கும் துண்டுக்கும் இடையே அலையைக் கடத்தும் ஒட்டுப் பொருளாக, எண்ணெய், கிளிசரின், கிரீஸ் எதுவும் போதும். குறுக்கலை நீர்மமான திரவத்தில் போகாது. அதற்கு நல்ல கெட்டியான, பிசுபிசுப்பான பொருள் வேண்டும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதற்குத் தேன் பயன்படுத்துகிறார்கள். நமக்கு ஜவ்வாது மலைத் தேன் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஒரு சொட்டை முகத்தில் வைத்து, புரோபை அழுத்தி, அதிகமாக இருப்பது ஓரத்தில் பிதுங்கி வந்த பிறகு ஒரு எடையை மேலே வைத்துவிட்டுக் காத்திருங்கள். படலம் மெலிய மெலிய எக்கோ உயர்ந்துகொண்டே வரும். உயர்வது நின்றதும் அளவெடுக்கலாம். தேன் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது. வெயில் காலத்தில் அது இளகிவிடும் என்பதால் ஏ.சி. அறையில் செய்யுங்கள். சிலர் சலோல் என்ற கரிமப் பொருளை உருக்கி ஒட்டுவார்கள். அது ஏறக்குறைய 42 டிகிரியிலேயே உருகிவிடும், மே மாதத்து வேலூரில் ஏ.சி. இல்லாத லேபில் அந்த ஒட்டை நம்ப வேண்டாம்.

எக்கோ நன்றாக வந்ததும் இன்னொன்றையும் செய்து பாருங்கள். குறுக்கலை புரோபை அதே இடத்தில் 90 டிகிரி திருப்பி மறுபடி நேரத்தை எடுங்கள். உருட்டித் தட்டையாக்கிய உலோகத் தகட்டில் நேரம் சற்று மாறும், ஏனென்றால் அதன் படிகங்கள் உருட்டிய திசையைப் பார்த்து நிற்கின்றன. நல்ல உலோகக் கண்ணாடியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நேரம்தான் வரும். எல்லாத் திசையும் அதற்கு ஒன்றே என்பதை உங்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டையில் யூ.டி. வேலை பார்க்கிறேன். என் மெஷினை வைத்தே இதைச் செய்ய முடியுமா சார்?

நெட்டலைக்கு முடியும். நேர் புரோபை வைத்துத் தடிமன் அளக்கிறீர்களே, அதில் வேகத்தைத் தெரிந்ததாக வைத்துத் தடிமனைக் கண்டுபிடிக்கிறீர்கள். இங்கே தடிமனை ஸ்குரூ கேஜில் அளந்துவிட்டு வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குறுக்கலைக்குத்தான் சிக்கல். நீங்கள் வெல்டுக்குப் பயன்படுத்தும் 45, 60, 70 டிகிரி புரோபுகளிலும் ஓடுவது குறுக்கலைதான், ஆனால் அது பெர்ஸ்பெக்ஸ் ஆப்பிலிருந்து சாய்வாக நுழைகிறது. விரிசல் தேட அது அருமை, 5 மி.மீ. துண்டில் வேகத்தைத் துல்லியமாக அளக்க உதவாது. நேராகவே குறுக்கலை அனுப்பும் தனி புரோப் வேண்டும்.

உங்கள் அனுபவத்துக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. பெரிய படிகத் துகள்கள் உள்ள வார்ப்பில் திரையின் அடிக்கோட்டில் 'கிராஸ்', அதாவது புல் மாதிரித் தெரியும் இரைச்சல், நிறைய வருவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகக் கண்ணாடியில் துகளும் கிடையாது, துகள் எல்லையும் கிடையாது, அடிக்கோடு சுத்தமாக இருக்கும். வார்ப்பில் காற்றுக்குமிழியோ படிகத் திட்டோ இருந்தால் புதிதாக வரும் மாணவரைவிட நீங்கள்தான் முதலில் கண்டுபிடிப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேனும் இதுவும் ஒன்றா? என் பெண் தினமும் லேபில் இருக்கிறாள், ஆபத்து உண்டா?

அடிப்படை ஒன்றே, அதிர்வெண்கூட ஏறக்குறைய ஒன்றே. ஸ்கேனில் தடவும் ஜெல் நெட்டலையை மட்டும் கடத்தும். அளவீட்டில் காதுக்கோ உடம்புக்கோ ஆபத்து இல்லை. கவலைப்பட வேண்டியது மாதிரியைப் பற்றித்தான். பெரிலியம் கலந்த உலோகக் கண்ணாடியை உலர்வாகத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல். பெரிலியம் இல்லாத சிர்க்கோனியக் கலவைகள் எத்தனையோ இருக்கின்றன, மாணவர்களுக்கு நான் அவற்றையே சொல்வேன்.

பாய்சான் விகிதத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, ஏன்?

ஒரு பொருளை நீளவாக்கில் இழுத்தால் நீட்சியோடு ஒப்பிட அது குறுக்கே எவ்வளவு ஒடுங்குகிறது என்பதே பாய்சான் விகிதம். ஒரு துண்டு உடையும்போது வளைந்து நெளிந்து உடையுமா, சட்டென்று நொறுங்குமா என்பதற்கு அது முன்கூட்டியே ஒரு குறிப்புத் தருகிறது. 2005இல் லெவாண்டோவ்ஸ்கி, வாங், கிரியர் மூவரும் பல உலோகக் கண்ணாடிகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பாய்சான் விகிதம் 0.31, 0.32க்குக் கீழே இருப்பவை நொறுங்குகின்றன, மேலே இருப்பவை தாங்குகின்றன என்று தெரிந்தது. மக்னீசியம் சார்ந்தவையும் இரும்பு சார்ந்தவற்றில் பலவும் அந்த எல்லையை ஒட்டியோ கீழேயோ இருக்கின்றன. வைட்ரலாய் 0.35. பிளாட்டினம் சார்ந்த ஒன்று 0.42, அது நன்றாகவே வளைகிறது. பக்கவாட்டு எதிர்ப்பு குறைவாகவும் அமுக்க எதிர்ப்பு அதிகமாகவும் இருந்தால், விரிசல் திறப்பதற்குள் அணுக்கள் நழுவி இடம் மாறிவிடும் என்பதே இதன் பொருள். இது கல்லில் பொறித்த விதி அல்ல; வார்ப்பில் குறை இருந்தால் நல்ல விகிதம் உள்ளதும் உடையும்.

பலர் கவனிக்காத ஒரு வசதி இதில் இருக்கிறது. பாய்சான் விகிதத்துக்கு அடர்த்தி தேவையில்லை, தடிமன்கூடத் தேவையில்லை. ஒரே துண்டில் நெட்டலை நேரத்தைக் குறுக்கலை நேரத்தால் வகுத்தால் போதும். மேலே சொன்ன 1.93ஐ 4.05ஆல் வகுத்தால் 0.477; அதன் வர்க்கம் 0.227. ஒன்றிலிருந்து அந்த வர்க்கத்தின் இரு மடங்கைக் கழித்து, அதை, ஒன்றிலிருந்து அந்த வர்க்கத்தைக் கழித்ததன் இரு மடங்கால் வகுங்கள்: 0.353 வரும். கருவிகள் குறைவாக உள்ள கல்லூரியிலும் நம்பகமாகத் தரக்கூடிய எண் இது.

சூடாக்கினால் என்ன ஆகும்?

வைட்ரலாய் 1இன் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, அதாவது இறுகிய கண்ணாடி இளகத் தொடங்கும் சூடு, சுமார் 350 டிகிரி செல்சியஸ். அதற்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் வைத்திருந்தால் படிகமாகாமலேயே உள்ளுக்குள் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அளந்தால் அடர்த்தி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியிருக்கும், விறைப்புக் குணகமோ சில சதவீதம் ஏறியிருக்கும். பெரும்பாலும் துண்டு முன்னைவிட நொறுங்கும் தன்மைக்கு நகர்ந்திருக்கும். ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய புராஜெக்ட் கேட்டால் நான் இதையே சொல்வேன்: ஒரே துண்டு, வெவ்வேறு சூடாக்கும் நேரங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு வேகங்கள். ஒரே துண்டிலேயே செய்வதால் தடிமன் பிழை எல்லா அளவிலும் ஒரே பக்கம் இருக்கும், மாற்றம் தெளிவாகத் தெரியும்.

ரிப்பன்தான் கிடைத்தது. அதில் அளக்கலாமா?

எக்கோ முறையில் முடியாது. 0.025 மி.மீ. தடிமனில் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 10 நானோ விநாடி. 10 மெகா ஹெர்ட்ஸ் அலையின் ஒரு அதிர்வுக்கே 100 நானோ விநாடி ஆகும். எக்கோக்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். நீளவாக்கில் அதிரவைத்து ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள், கடை டேக்கில் நடக்கிறதே அதே மாதிரி. அதில் யங் குணகம் மட்டும் கிடைக்கும். இரும்பு சார்ந்த ரிப்பனில் காந்தப்புலத்தை மாற்றினால் யங் குணகமே மாறும் என்பதால் பக்கத்தில் காந்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலை எவ்வளவு தேய்கிறது என்பதையும் அளக்க வேண்டுமா?

முடிந்தால் அளக்கலாம், ஆனால் முகங்கள் சற்றே கோணினாலும், ஒட்டு சரியில்லை என்றாலும் அதே தேய்மானம் வரும். கல்லூரி அளவில் நான் வற்புறுத்துவதில்லை.

அறிவுக்கு விருந்து என்றால் மிகக் குறைந்த வெப்பநிலைதான். 1972இல் ஆண்டர்சன், ஹால்பெரின், வர்மா மூவரும், தனியாக ஃபிலிப்ஸும், கண்ணாடிகளில் சில அணுக்கூட்டங்களுக்கு ஏறக்குறைய சம ஆற்றலுள்ள இரண்டு இருக்கைகள் இருக்கும், கடுங்குளிரில்கூட அவை குவாண்டம் முறையில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் என்று முன்வைத்தார்கள். ஒரு கெல்வினுக்கும் (ஏறக்குறைய -272 டிகிரி செல்சியஸ்) கீழே மீயொலி செலுத்திப் பார்த்தபோது உலோகக் கண்ணாடிகளிலும் அந்தத் தாவலின் தடயம் வேகத்திலும் தேய்மானத்திலும் தெரிந்தது. வரிசை குலைந்த அமைப்பு அந்தக் குளிரிலும் முழுதாக உறைந்துபோவதில்லை என்பதை ஒலிவேகம் காட்டிக்கொடுத்தது எனக்கு இன்றும் வியப்பு.

ஆய்வறிக்கையில் எந்த எண்களைத் தர வேண்டும்?

துண்டின் தடிமனும் அதன் பிழையும், ஆர்க்கிமிடீஸ் முறையில் எடுத்த அடர்த்தி, அறை வெப்பநிலை, புரோபின் அதிர்வெண், கப்ளன்ட், எத்தனை எக்கோக்களை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பது, இரண்டு வேகங்கள். குணகங்கள் இவற்றுக்குப் பிறகுதான். 5 மி.மீ.யில் 0.01 மி.மீ. பிழை என்றால் வேகத்தில் 0.2 சதவீதம், குணகத்தில் வர்க்கம் வருவதால் 0.4 சதவீதம். விறைப்புக் குணகம் சில சதவீதம் ஏறியது என்று நீங்கள் சொன்னால் அதை நம்பலாம். பருமக் குணகம் 0.3 சதவீதம் மாறியது என்று எழுதியிருந்தால் வைவாவில் முதல் கேள்வி அதைப் பற்றியே இருக்கும்.